நாளுக்கொரு வயது குறைந்த துப்பாக்கி

மலையில் எந்த எஸ்டேட் பங்களாவைப் பூட்டினாலும் அதிலிருந்த சாமான்கள் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் சுற்றிச் சுற்றி இறங்கி மேட்டுப்பாளையத்துக்குத்தான் வந்து சேர வேண்டும், வேறு வழி கிடையாது. அப்படி வந்து சேர்ந்ததில் நாற்காலி மேசைக்குத் தனி ஆள் உண்டு, பீங்கானுக்கும் கடிகாரத்துக்கும் தனித்தனி ஆள் உண்டு, பழைய ஏர்கன் என்று வந்துவிட்டால் மட்டும் ஊரே உருளைக்கிழங்கு மண்டிக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக்கூரைக் கடையைக் கைகாட்டும். அந்தக் கடையில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தவர் நாச்சிமுத்து. இடது கண் இருந்த இடத்தில் இமை மூடியபடியே கிடக்கும். குறி பார்க்கிறவன் எவனானாலும் ஒரு கண்ணை மூடித்தான் ஆகவேண்டும், நாச்சிமுத்துவுக்கு அந்த ஒரு வேலை மிச்சம் என்று மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் இருபத்தெட்டு வருடமாக அதற்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அதுவும் கடை திறப்பதில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்வார்.

அவர் செய்ததில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பழைய ஏர்கன் சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள் வருவார்கள், எங்கே செய்தது, எந்த வருடம், என்ன பெறும் என்று கேட்பார்கள். நாச்சிமுத்து குழலை மடக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அடிப்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அடித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் லென்ஸ் வைத்துப் படிப்பார். கட்டை வால்நட் மரமா பீச் மரமா என்று பார்ப்பார், உள்ளே வாஷர் தோலா பிளாஸ்டிக்கா என்று மோந்து பார்ப்பார், தொலைநோக்கி மாட்டுவதற்கு மேலே பள்ளம் வெட்டியிருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு சான்றிதழ் எழுதுவார்: தயாரிப்பு, வருடம், இப்போதைய நிலை, முன் வரலாறு, மதிப்பு, கையெழுத்து. துப்பாக்கிகள் அவரைச் சோர்வாக்கியதில்லை, மனிதர்கள்தான் சோர்வாக்கினார்கள். தன் துப்பாக்கி உள்ளதைவிட முப்பது வருடம் பழையது, பத்து மடங்கு விலை பெறும் என்று நினைக்காமல் ஒருவன்கூட அந்தக் கடைப் படி ஏறியதில்லை, ஒவ்வொருவனிடமும் இல்லீங்க, அப்படி இல்லீங்க என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆடி மாதம் முதல் தேதி பீளமேட்டு ஆடிட்டர் கோகுலநாதன் போர்வையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் எடுத்ததாம். போர்வையைப் பிரித்ததுமே நாச்சிமுத்துவுக்கு அது எது என்று தெரிந்துவிட்டது. பர்மிங்காமில் செய்தது, வால்நட் கட்டை, குழலில் ஓடுகிற நரி முத்திரை, எண்ணைப் பார்த்தால் 1934. கட்டையின் அடியில், கை பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆணியால் கீறிய ஒரு எழுத்து: செ. அது அவருடைய அண்ணன் சென்னியப்பன் பதினைந்து வயதில் கீறியது. நாச்சிமுத்துவின் இடது கண்ணைக் கொண்டுபோனது இந்தத் துப்பாக்கிதான்.

"ரெண்டு லட்சம் தேறுமுங்களா?" என்றார் ஆடிட்டர்.

"தேறும். நாளைக்கு வாங்க, எழுதித் தர்றேன்" என்றார் நாச்சிமுத்து. அன்றைக்கு அவருக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை பால்காரர் மணியடித்துப் போன பிறகு சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு குழலைத் திருப்பினால் எண் மாறியிருந்தது, 1935 என்று இருந்தது. வயதாகிவிட்டது, இருக்கிற ஒரு கண்ணும் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு மூடிவைத்தார். அதற்கு மறுநாள் 1936. நான்காம் நாள் காலையில் விசைக்குப் பக்கத்தில் இருந்த திருகாணி அந்தக் கம்பெனி 1937-இல்தான் போட ஆரம்பித்த திருகாணியாக இருந்தது. அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கி நாளுக்கு ஒரு வருடம் தள்ளிப் பிறந்துகொண்டிருந்தது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. தினமும் நோட்டில் குறித்துவைத்தார், அவ்வளவுதான்.

"ஏனுங்க நாச்சிமுத்து, அன்னைக்கு முப்பத்தி நாலுன்னீங்க" என்றார் அன்றைக்கு வந்த ஆடிட்டர்.

"அன்னைக்கு முப்பத்தி நாலுதானுங்க. இன்னைக்கு முப்பத்தேழு."

"அதெப்படிங்க?"

"அது அப்படித்தானுங்க இருக்குது."

ஆடிட்டர் துப்பாக்கியைப் பீளமேட்டுக்குத் தூக்கிப்போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார், சாமி படத்துக்குக் கீழே வைத்தார், ஒன்றும் பலிக்கவில்லை, ஐந்து நாள் கழித்து 1942-ஆகத் திரும்பக் கொண்டுவந்தார். உலக யுத்தம் நடந்த அந்த வருடத்தில் எந்தக் கம்பெனியும் ஏர்கன் செய்யவில்லை என்பதால் நாச்சிமுத்துவுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது, "யுத்த காலம், உற்பத்தி கிடையாது, ஆனாலும் இருக்கிறது" என்று நோட்டில் எழுதினார். முப்பத்தி நாலு என்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஆடிட்டர் கெஞ்சினார். பார்த்ததைத்தான் எழுதுவேன், பார்த்ததுக்கு மேல் ஒரு நாள்கூட எழுதமாட்டேன் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆடிட்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, துப்பாக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஊருக்கு விஷயம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று, பழகிப்போக இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. காத்துத் துப்பாக்கிக்கே காத்து கருப்பு அடிச்சிருச்சு என்று ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சுற்றிப் போட்டார், அதற்கும் ஒரு வருடம் தள்ளித்தான் விடிந்தது. பிறகு ஜனங்கள் அதைச் சரிசெய்யப் பார்ப்பதை விட்டுவிட்டு அதோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்கள். காலையில் டீயைக் குடித்துவிட்டுக் கடைப்பக்கம் வந்து, இன்னைக்கு என்ன வருஷமுங்க என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. மண்டியில் கிழங்கு விலை எழுதுகிற பலகையில் விலைக்கு மேலே அன்றைய வருடத்தையும் எழுதினார்கள். 1947 வந்த அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து துப்பாக்கிக்குச் சல்யூட் வைத்து மிட்டாய் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தந்த வருடத்தில் கல்யாணம் ஆனவர்கள் அந்தந்த நாளில் வந்து, உயிரோடிருக்கிற ஜோடி ஜோடியாகவும் ஒற்றையாகப் போனவர்கள் ஒற்றையாகவும், மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள், அதனால் பூக்கடை ரங்கம்மாளுக்கு ஆடி மாதத்திலும் முகூர்த்த மாதம் மாதிரி வியாபாரம் ஓடியது. பிறந்த வருடம் தெரியாத கிழவர்கள், முதியோர் பென்ஷனுக்கு வயது எழுத முடியாமல் தவித்தவர்கள், தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தார்கள், எந்த நாள் தொட்டபோது நெஞ்சுக்குள் சுருக்கென்றதோ அதுதான் நம்ம வருஷம் என்று எழுந்துபோனார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

டீக்கடை சுப்பையனிடம் ஒரு பித்தளைத் தவலை இருந்தது, வயிற்றில் ஒரு ஓட்டையும் அதை அடைத்த ஈயமுமாக. அவருடைய தாத்தா இந்தத் துப்பாக்கி இருந்த அதே பங்களாவில் சமையல்காரர். 1948-இல் துரை குடித்துவிட்டு வராந்தாவிலிருந்து குறி பார்த்ததில் தவலைக்கு ஓட்டை விழுந்தது என்பது அந்தக் கடையில் டீ குடித்த எல்லாருக்கும் மனப்பாடமான கதை. துப்பாக்கி 1948-ஆக இருந்த அன்று சுப்பையன் வந்து அதை நாச்சிமுத்துவிடம் சொல்லி, முன் வரலாற்றில் எழுதிக்குங்க என்றார், நாச்சிமுத்துவும் எழுதிக்கொண்டார். மறுநாள் 1949. அன்று காலை சுப்பையன் யாருக்கோ கதையை ஆரம்பித்து, இந்தத் தவலைல ஒரு ஓட்டை என்ற இடத்தில் நின்றுவிட்டார். ஓட்டை இருந்தது, அடைத்த ஈயம் இருந்தது, எப்படி வந்தது என்று சுப்பையனுக்குத் தெரியவில்லை, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்களுக்கும் தெரியவில்லை. நாச்சிமுத்து நோட்டைப் பிரித்துத் தன் கையெழுத்தைத் தானே படித்தார், அது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. அன்றைக்கு அவருக்கு இந்தத் துப்பாக்கியின் கணக்கு பிடிபட்டது. இன்னும் செய்யப்படாத துப்பாக்கி எதையும் சுட்டிருக்க முடியாது, அதனால் காயம் இருக்கும், காரணம் மட்டும் போய்விடும்.

அப்படியானால் துப்பாக்கி 1980-ஐத் தொடுகிற அன்றைக்குத் தன் கண் திரும்பி வராது என்பதும், அது போன காரணம் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்தக் காரணத்தைத்தான் அவர் நாற்பத்தைந்து வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். அவர்களுடைய அம்மா நாச்சிமுத்துவைப் பெற்ற ஆறாம் நாள் இறந்துபோனாள், ஏழு வயதுச் சென்னியப்பன்தான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டான், அன்றிலிருந்து அவன் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கண்ணு, சாப்பிட்டியா. கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. அந்தப் பக்கத்தில் சின்னவர்களை எல்லாரும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் விசேஷம் ஒன்றும் கிடையாது, ஆனால் தாயில்லாத அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரே அதுதான் என்று இருந்தது. அப்பா எஸ்டேட் துரையிடம் டிரைவராக இருந்தார், துரை ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஏர்கன்னில் சென்னியப்பன் ஓட்டுமேல் ஏறுகிற குரங்குகளை மிரட்டுவான். 1979 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குண்டு போட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, குரங்கு கலைத்த ஓட்டைச் சரிசெய்ய ஏணி எடுக்கப் பின்பக்கம் போனான். ஒன்பது வயது நாச்சிமுத்து, குண்டு உள்ளே தெரிகிறதா என்று பார்ப்பதற்காகக் குழலைத் தன் முகத்துக்குத் திருப்பினான். கட்டைவிரல் விசையில் இருந்தது.

அப்பா ஓடிவந்தார். எவன்டா பண்ணினது, எவன்டா என்று உலுக்கினார். பிள்ளை அண்ணா, அண்ணா என்று கத்தியது. வலித்தால் மற்றப் பிள்ளைகள் அம்மா என்று கத்தும், இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான், அது அண்ணனைத்தான் கூப்பிட்டது. அப்பா அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த சென்னியப்பனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். பெல்ட்டால் வாங்கிய அடிக்கு அவன் வாயே திறக்கவில்லை, குண்டு போட்டு வைத்தவன் நான்தானே என்று நினைத்திருக்கலாம், தம்பியே சொல்லிவிட்டான் என்றும் நினைத்திருக்கலாம். துப்பாக்கியை அப்பா அன்றைக்கே பங்களாவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து படுத்திருந்த தம்பியின் பக்கத்தில் நின்று, கண்- என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டான். மறுநாள் காலை முதல் மைசூர் பஸ்ஸில் போய்விட்டான். பதினாறு வயது அப்போது. சிமோகாவில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்து, பிறகு அங்கேயே சொந்தப் பட்டறை வைத்து, அப்பா செத்ததற்கு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்று, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனார். நாச்சிமுத்து பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார், அண்ணன் எடுப்பார், குரலைக் கேட்பார், ஒன்றும் பேசமாட்டார், கொஞ்ச நேரம் கழித்து வைத்துவிடுவார். அந்த வீட்டில் கண்ணு என்கிற சொல்லை அதற்குப் பிறகு யாரும் உச்சரிக்கவில்லை.

பொய் சொன்னது நாச்சிமுத்து இல்லை. அதைத் திருத்தாமல் விட்டது அவர்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது வயதில் நினைத்தார், பத்து வயதிலும் நினைத்தார், அப்பா இருக்கும்வரை அப்பாவுக்குப் பயந்தார், அப்பா போன பிறகு அண்ணனுக்குப் பயந்தார். ஊரில் எல்லாருடைய துப்பாக்கிக்கும் உண்மையான தேதி எழுதிக் கொடுத்தவர் அந்த ஒரு தேதியில் மட்டும் நடந்ததைச் சொல்லவில்லை.

துப்பாக்கியை நிறுத்தவும் முடியும் என்பது ரங்கம்மாளால் தெரியவந்தது. 1968 ஆன அன்று அந்தக் கிழவி பூக்கூடையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே பையன், அந்த வருடம் தை மாதம் பிறந்து கார்த்திகையில் போய்விட்டான், அவன் இருந்த வருடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

"இன்னும் ஒரே ஒரு நாளைக்கு இதையே வெச்சிருக்க முடியுமா தம்பி?"

முடியாது என்று சொல்லத் தெம்பில்லாமல் நாச்சிமுத்து ஒரு துண்டுத் தாளில் "தயாரிப்பு வருடம் 1968" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தார். மறுநாள் பால்காரர் போன பிறகு பார்த்தால் 1968-ஆகவே இருந்தது. ரங்கம்மாள் அன்றைக்கும் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து பூ கட்டினாள், நடுவில் ஒருமுறை தானாகச் சிரித்துக்கொண்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "போதுமப்பா. கிழிச்சுப் போட்ரு. மத்தவங்க வருஷமெல்லாம் காத்துக் கெடக்குதல்ல." அவர் கிழித்துப் போட்டார், மறுநாள் 1969 வந்தது.

1970 அவர் பிறந்த வருடம். மனைவி சாந்தாமணி கேசரி செய்தாள், இரண்டு வாய் சாப்பிட்டார். அதற்குள் வால்நட் கட்டை பீச் கட்டையாகி, தோல் வாஷர் பிளாஸ்டிக்காகி, துப்பாக்கி கடைகளில் இன்னும் தூக்கிப் போடாமல் இருக்கிற சாதாரண ஏர்கன் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது, மதிப்பும் ரெண்டு லட்சத்திலிருந்து எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. செ மட்டும் அந்தக் கட்டையில் அப்படியே இருந்தது. அண்ணன் அதைக் கீறியது 1978-இல். 1979 என்று விடிந்த காலையில் நாச்சிமுத்து கையை அடியில் விட்டுத் தடவினார், கட்டை வழவழவென்று இருந்தது, எழுத்து இல்லை.

அன்றைக்குத்தான் அவர் சாந்தாமணியிடம் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், கேட்டு முடித்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள் கடைசியில். "இந்த வருஷத்தை நிறுத்தி வைங்க. நாளைக்குச் சிமோகா போலாம், நானும் வர்றேன். நேர்ல சொல்லி மன்னிப்புக் கேளுங்க. நாளைக்கு எல்லாருக்கும் மறந்துருச்சுன்னா அப்பறம் எதுக்குன்னு கேப்பீங்க?"

"அண்ணன் பேசவே மாட்டேங்குதே."

"போன் போட்டுப் பாருங்க."

போட்டார். நான்காவது மணியில் எடுத்தார்கள். "அண்ணா, ஒரு விஷயம் சொல்லோணும்" என்றார் நாச்சிமுத்து. அந்தப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தமும் அண்ணனுடைய மூச்சும் கேட்டது, கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு லைன் நின்றுவிட்டது.

சான்றிதழ்த் தாளை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாச்சிமுத்து அன்று பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார், அவ்வளவு களைப்பு அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை. கையெழுத்துப் போட்டு நிறுத்தி, சிமோகாவுக்குப் போய், நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை அண்ணா, கூப்பிட்டேன் என்று சொன்னால் தனக்கு மன்னிப்புக் கிடைக்கலாம். அண்ணனுக்கு என்ன கிடைக்கும்? ஒரு வார்த்தையைத் தப்பாகக் காதில் வாங்கியதற்காக வீட்டையும் ஊரையும் நாற்பத்தைந்து வருடத்தையும் விட்டேன் என்று அறுபத்தோரு வயதில் தெரிந்துகொள்வதை வைத்து ஒரு மனிதன் என்ன செய்வான்? இவர் இறக்கி வைக்கிற பாரம் அங்கே போய் ஏறும், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாவிட்டால் தனக்கு மன்னிப்பு என்பது கடைசிவரை கிடையாது, மன்னிக்க ஒன்றுமே இருக்காது. ஆனால் அண்ணனுடைய தோளிலிருந்து அது இறங்கிவிடும். தனக்கும் மறந்துபோகும், அதுவே பெரிய ஓய்வு என்றும் நினைத்தார், அதை மறைப்பதற்கில்லை. முன் வரலாறு என்ற இடத்தில் அவர் எதையும் எழுதவில்லை, நோட்டிலும் எழுதவில்லை, எழுதினால் தங்கிவிடும். பேனாவை மூடி வைத்தார்.

மறுநாள் 1980. துப்பாக்கி வந்து அன்றோடு நாற்பத்தெட்டு நாள், சரியாக ஒரு மண்டலம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சாந்தாமணி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஒரு மாதிரி இருக்கறீங்க?"

"நேத்து நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"கிழங்கு மூட்டை சொன்னீங்களே, அதுங்களா?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஏனுங்க, உங்க கண்ணு எப்படிப் போச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதே இல்லீங்களே, பாருங்க" என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சுவரில் சாய்த்த துப்பாக்கி, குழலின் இருட்டு, விசையின் சில்லிப்பு, தான் கத்திய சத்தம், எதுவும் போகவில்லை. சுட்ட கைக்கு மட்டும் மறக்காது போலிருக்கிறது. தவலையைச் சுட்ட துரை எப்போதோ செத்துப்போயிருந்ததால் இந்த ஒரு விஷயம் ஊருக்கும் அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் காபியைக் குடித்துவிட்டுக் கடையைத் திறந்தார்.

பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார், ரெண்டு லட்சத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி இல்லை, மண்டலம் விரதம் இருந்து முடித்தவர் மாதிரி அமைதியாக இருந்தார், இனியாவது ஒரு வருடத்தில் நிறுத்திக் கொடுங்கள் என்றார். நாச்சிமுத்து எழுதினார்: தயாரிப்பு பர்மிங்காம், வருடம் 1980, நிலை நன்று, மதிப்பு ஏழாயிரம். முன் வரலாறு என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்த்ததை மட்டுமே எழுதுகிறவர் பார்த்ததை எழுதாமல் விட்டது அன்றைக்குத்தான். ஆடிட்டர் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார், மண்டிப் பலகையில் யாரோ வருடத்தை அழித்துவிட்டுக் கிழங்கு விலையை மட்டும் எழுதினார்கள்.

கடையை எடுத்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று எழுந்தபோது போன் அடித்தது. சிமோகா நம்பர். அந்த நம்பரிலிருந்து இதுவரை அவருக்குப் போன் வந்ததே இல்லை.

"கண்ணு, அண்ணன் பேசறேன்."

நாச்சிமுத்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"லைன்ல இருக்கியா கண்ணு? ஒண்ணுமில்ல, காலைல எந்திரிச்சதுலருந்து யோசிச்சுட்டே இருக்கறேன். நான் எதுக்கு ஊரை விட்டு வந்தேன்? பஸ் ஏறுனது தெரியுது, டிக்கெட் எடுத்தது தெரியுது. எதுக்குன்னு மட்டும் தெரியல. வயசாயிருச்சாட்ட இருக்குது. உனக்கு எதாச்சும் தெரியுமா?"

தெரியாதுங்கண்ணா என்று சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் யாருக்கும் எந்தக் குறையும் வந்திருக்காது. ஆனால் அதற்குள் அண்ணன் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"உனக்கு ஒரு கண்ணு இல்லைன்னு தெரியும். அது எப்படிப் போச்சு?"

"ஏர்கன்னுதானுங்கண்ணா" என்றார் நாச்சிமுத்து. குரல் ஒன்பது வயதுக்குப் போய்விட்டது, அவர் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. "நானேதான். குண்டு தெரியுதான்னு மூஞ்சிக்கு நேராத் திருப்பி வெச்சு அமுத்திட்டேன். வலி தாங்காம உங்களைத்தான் கூப்பிட்டேன்."

"நான் எங்க போயிருந்தேன் அப்போ?"

"ஏணி எடுக்கப் பின்னாடி போயிருந்தீங்க."

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டுகிற சத்தம் நின்றது. போனை வைத்துவிடுவார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார், நாற்பத்தைந்து வருடப் பழக்கம். அவர் வைக்கவில்லை.

"பாத்து இருக்கக் கூடாதா கண்ணு" என்றார் சென்னியப்பன், ஏணியைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து திரும்பி வந்தவர் மாதிரி.